சாரதிக்கும் ஒரு பள்ளிக்கூடம்

இரவு நேரத்தில் நெடுந்தூர பஸ்ஸில் ஏறி உட்காருகிறோம். குழந்தைகள் மடியிலேயே தூங்கிப் போகின்றன. சற்று நேரத்தில் நாமும் கண்ணை மூடிக்கொள்கிறோம். அந்த வண்டியில் விழித்திருந்தே ஆகவேண்டியவர் ஒரே ஒருவர். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆயினும் அத்தனை உயிர்களையும் அவரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். இவ்வளவு பெரிய நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன? என்றோ ஒரு நாள் பரீட்சையில் தேறி அவர் வாங்கிய லைசென்ஸ்தான்!

அநுபவம் போதாதா என்று கேட்கலாம். அநுபவம் நல்ல வாத்தியார்தான், சந்தேகமில்லை. ஆனால் நல்ல பழக்கத்தைப் போலவே கெட்ட பழக்கத்தையும் அது சிரத்தையாகக் கற்றுக் கொடுத்துவிடும். இருபது வருஷகாலம் பக்கத்துக் கண்ணாடியைப் பாராமல் வண்டியைத் திருப்பி, தெய்வாதீனமாக விபத்து ஒன்றும் நேராதவர், கண்ணாடியே அநாவசியம் என்று முடிவு கட்டிவிடுவார். அவருடைய தப்பை அவருக்கு எடுத்துச் சொல்ல யாராவது வேண்டுமல்லவா?

இந்த யோசனையை ஐரோப்பிய ஒன்றியம் 2003-ஆம் வருஷத்தில் சட்டமாகவே செய்தது. பஸ் டிரைவர்களுக்கு 2008 செப்டம்பரிலும், லாரி டிரைவர்களுக்கு 2009 செப்டம்பரிலும் அது அமலுக்கு வந்தது. தொழிலாக வண்டி ஓட்டுகிறவர், லைசென்ஸ் இருந்தாலும், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை 35 மணி நேரம் பாடம் கேட்டாக வேண்டும். கேட்டதற்கு அடையாளமாக லைசென்ஸிலோ தனி அட்டையிலோ 95 என்ற எண்ணைப் பொறிப்பார்கள்.

நரைத்த தலையுடன் வகுப்பில் உட்காரும் டிரைவருக்கு என்ன பாடம்? சரக்கு சரியாமல் கட்டுவது, எண்ணெய்ச் செலவைக் குறைத்து ஓட்டுவது, பெரிய வண்டியின் அருகே கண்ணாடியில் தெரியாத இடங்களில் சைக்கிள்காரர் மறைந்திருக்கக்கூடும் என்பது, அடிபட்டவருக்கு முதலுதவி செய்வது ஆகியவையெல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது தூக்கத்தைப் பற்றிய பாடம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. இரண்டு விநாடி கண் அயர்ந்தால், 33 மீட்டர் தூரத்துக்கு வண்டியில் சாரதியே இல்லை என்றுதான் அர்த்தம். அதனால்தான் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு எடுக்க வேண்டும் என்று அங்கே தனிச் சட்டமும் இருக்கிறது.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் குறை இல்லாமலில்லை. 35 மணி நேரத்தின் முடிவில் பரீட்சை வைக்க வேண்டுமென்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. கடைசி பெஞ்சியில் கொட்டாவி விட்டவருக்கும், கூர்ந்து கேட்டவருக்கும் ஒரே அத்தாட்சிதான்! செலவை முதலாளிதான் கொடுக்க வேண்டுமென்று பிரிட்டனில் சட்டம் விதிக்கவில்லை. ஆகவே, தாராள மனமுள்ள முதலாளி வாய்க்காத டிரைவர் தம் கைப்பணத்தைக் கொடுத்து, அன்றைய கூலியையும் இழந்து, வகுப்பில் உட்கார வேண்டியிருக்கிறது. அவர் மனம் பாடத்தில் எப்படி லயிக்கும்?

2021-ஆம் வருஷத்தில் பிரிட்டனில் லாரி டிரைவர்களுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டு, பெட்ரோல் பங்குகளில் மோட்டார்கள் வரிசை வரிசையாக நின்றன. பலர் தொழிலை விட்டதற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம் என்று அப்போது சிலர் குறை கூறினர். சர்க்கார் யோசித்து, உள்நாட்டில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு 2024 டிசம்பரிலிருந்து ஒரு சலுகை தந்தது: பாடத்தை மூன்றரை மணி நேரத் துண்டுகளாகவும் கேட்கலாம். ஆயினும் 35 மணி என்ற கணக்கில் ஒரு மணிகூடக் குறைக்கவில்லை. இது கவனிக்கத் தக்கது.

நம் தேசத்தில் நிலைமை என்ன? 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, வாடகைக்கு ஓடும் வண்டிகளின் டிரைவர் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை லைசென்ஸைப் புதுப்பிக்கிறார்; வைத்தியரின் அத்தாட்சியும் கொடுக்கிறார். பெட்ரோல், திராவகம் போன்ற அபாயமான சரக்கை ஏற்றிச் செல்பவரோ மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் பாடமும் கேட்க வேண்டும். காலந்தோறும் படிக்கும் இந்தக் கட்டாயத்தை மத்திய சர்க்கார் விதிகள் மற்ற டிரைவர்களுக்கு வைக்கவில்லை.

பெட்ரோலை ஏற்றிச் செல்பவருக்கு வேண்டிய பாடம், பிள்ளைகுட்டிகளை ஏற்றிச் செல்பவருக்கு வேண்டாமா? வைக்கத்தான் வேண்டும். ஆனால் வைக்கும்போது பிறர் பட்ட அநுபவத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாடத்துக்கு வரும் நாளுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். முடிவில் சிறு பரீட்சையாவது இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையென்றால், சாரதியின் சட்டைப் பையில் இன்னும் ஒரு காகிதம் சேரும். அவ்வளவுதான்.