ஏலச் செடியும் மர நிழலும்

நம் இல்லங்களிற் பாயசத்துக்கு மணமூட்டும் ஏலக்காய் வெட்டவெளியில் விளையும் பொருளன்று. இஞ்சியின் குடும்பத்தைச் சேர்ந்த ஏலச் செடி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிற் பெருமரங்களின் அடியிலே தோன்றியது. மண்ணிற் கிடக்கும் கிழங்கினின்று இலைத்தண்டுகள் எட்டுப் பத்தடி உயரம் கிளைத்து, ஆண்டு முழுவதும் பசுமை மாறாது நிற்கும். ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் வரை உயர்ந்த, மழை மிக்க மலைச்சரிவுகளே அதற்கு உகந்த இடம்.

நிழல் வேண்டுமென்றவுடனே, இருள் சூழ்ந்த இடத்தில் நட்டாற் போதுமெனக் கருதுதல் பிழை. அடர்ந்த நிழலிற் செடி தழைக்குமேயன்றிப் பூச்சரம் அரிதாகும். வெயில் நேரே விழின் இலை கருகும். ஆதலின், ஒளியில் ஏறக்குறையப் பாதி கீழே இறங்குமாறு, தென்மேற்குப் பருவமழைக்கு முன்னரே மரக்கிளைகளைக் கழிப்பர். இதற்கு நிழற் கவாத்து என்று பெயர். மேகம் மூடிய மழைக்காலத்துக்கு இத்திறப்பு வேண்டும்; அடுத்த கோடைக்குள்ளோ கிளைகள் மீண்டும் தழைத்திருத்தல் வேண்டும். ஏலம் பயிரிடுவோர் பாதி நாள் மரத்தையே பயிரிடுகின்றனர் என்னலாம்.

கன்றை ஆழ நடலாகாது. கிழங்கு மேல்மண்ணிலேயே பரவும் இயல்பினது. நீர் தேங்கினால் அழுகும். உதிர்ந்த சருகை அகற்றாது செடியடியிற் பரப்பினால் ஈரம் நிலைக்கும். இளந்தளிரில் வெளிறிய கீற்றுக்கள் காணின், அது அசுவினிப் பூச்சியாற் பரவும் கட்டை நோயாயிருக்கலாம். அதற்கு மருந்தில்லை, செடியை வேரோடு பிடுங்கி அழிப்பதே வழி.

மலபார் இனத்தின் பூச்சரங்கள் தண்டின் அடியினின்று எழுந்து தரையிற் படரும். வெண்ணிறத்தில் ஊதாக் கோடுகளுடைய பூ ஒரு நாளே வாழும். அதற்குள் தேனீ வாராவிடிற் காயில்லை. காலையிற் பூச்சிமருந்து தெளிப்பவர் தம் விளைச்சலையே கெடுத்துக்கொள்ளுகின்றனர்.

சமவெளியிலுள்ள நண்பர் சிலர் கிணற்றடி நிழலில் இச்செடியை வைத்துக் காய்க்கவில்லையென வருந்துவர். அங்கே நிழலுண்டு; மலையின் குளிர்ச்சியும் ஈரக்காற்றும் இல்லை. இலையின் அழகோடு அவர்கள் அமைய வேண்டியதுதான்.

மலையிலும் இவ்வீரம் உறுதியன்று. 2024ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள் வறட்சியாற் பெருஞ்சேதமுற்றன. பட்ட செடிகளை அகற்றிப் புதுக்கன்று நட்டவர், முதற் காய் காண ஏறக்குறைய மூன்றாண்டு காத்திருத்தல் வேண்டும்; அக்கன்றுக்கு நிழல் தரும் மரத்தை இழந்தவரோ அதனினும் நெடிது காத்திருப்பர்.