அம்மாவின் அடையாள அட்டையில் ஒரு கணக்கு

இலங்கையின் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களில் ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் தோட்டத்தின் பெயர்ப் பதிவான செக்ரோலில் இன்னொரு விதமாகவும் இருக்கும். ராஜம்மா ராசம்மாவாவார். சேமலாப நிதியைக் கேட்டுப் போகும்போதுதான் அந்த ஓர் எழுத்து மலையாக நிற்கும். அப்போது கைகொடுப்பது தேசிய அடையாள அட்டை இலக்கம். அதை வாசிக்கத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, பிறந்த நாள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதனுடன் 500 கூட்டுவார்கள். 1978 ஜூலை 14இல் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஜூன் முடிய 182 நாட்கள். 14ஐச் சேர்த்தால் 196. 500ஐயும் கூட்டினால் 696. அவர் இலக்கம் 78696 என்று தொடங்கும்.

நாட்காட்டியை எண்ணிப் பார்த்தால் 195தானே வருகிறது? பெப்ரவரிக்கு எல்லா ஆண்டும் 29 நாட்கள் என்றே இங்கே கணக்கு. அதனால் மார்ச் 1 எந்த ஆண்டிலும் 61ஆம் நாள்தான். ஆண்களுக்கு 366 வரை, பெண்களுக்கு 501 முதல் 866 வரை. இடையில் 420 என்று ஓர் இலக்கம் கண்டால், பிழை என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

அடுத்த மூன்று இலக்கங்கள் வரிசை எண். ஒன்பதாவது இலக்கம் காவல்காரன்: முன்னுள்ள எட்டிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு இலக்கம். இத்தகைய கணக்குகளில் புகழ்பெற்றது பழைய பத்து இலக்கப் புத்தக எண்ணில் (ISBN) உள்ளது. அதில் ஒவ்வோர் இலக்கத்தையும் அதன் இடத்துக்குரிய எண்ணால் பெருக்கிக் கூட்டினால், தொகை 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். ஏன் பெருக்க வேண்டும்? வெறுமனே கூட்டினால் 37ம் 73ம் ஒன்றுதான், இரண்டும் 10. முதல் இலக்கத்தை 3ஆலும் அடுத்ததை 2ஆலும் பெருக்கினால் 23, 27 என்று பிரிந்துவிடும். ஏன் 11? அது பகா எண். 11க்குக் குறைந்த இரண்டு எண்களைப் பெருக்கி 11இன் மடங்கைப் பெறவே முடியாது. ஆகவே ஓர் இலக்கம் தவறினால் பிழை ஒளியாது. 10ஐ வைத்திருந்தால் 2ம் 5ம் சேர்ந்து அதை மறைத்துவிடும்.

2000இல் பிறந்த பிள்ளைகள், அட்டை பெற அப்போதிருந்த 16 வயதை எட்டிய 2016இல் இலக்கம் பன்னிரண்டானது. இரண்டு இலக்க ஆண்டில் 1900ம் 2000ம் ஒன்றாகவே தெரியுமல்லவா? பழையதைப் புதியதாக்க முன்னால் 19, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம், கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய அட்டையின் கடைசி எழுத்து 'வி' என்றால் வாக்குரிமை உண்டு. 'எக்ஸ்' என்றால் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய தோட்டத் தொழிலாளர்களில் எஞ்சியவர்களுக்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். அத்தனை காலம் காத்திருந்த மக்களுக்கு அந்த ஓர் எழுத்து சின்ன விஷயமல்ல. பன்னிரண்டு இலக்க எண்ணில் இப்போது எந்த எழுத்தும் இல்லை.