"மாஸ்டர், ஒரு சப்போர்ட்!"



சனவரி முதல் வாரத்தில் உடற்பயிற்சிக் கூடங்களில் கூட்டம் அலைமோதும். தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று சிலுவைப்பாதைக்கும் அப்படியே. நான்காவது வாரத்தில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று ஜிம் மாஸ்டரையும் பங்குத்தந்தையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டால், இருவரும் ஒரே மாதிரி பெருமூச்சு விடுவார்கள். ஆகவே, உடற்பயிற்சிக்கும் விசுவாச வாழ்வுக்கும் ஏதோ உறவு இருக்கத்தான் செய்கிறது. அதைப் பற்றி இன்று சற்று சிந்திப்போம்.

இந்த உறவை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தூய பவுல் அன்றே கண்டுகொண்டார். கொரிந்து நகருக்கு அருகில் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்துமிய விளையாட்டுகள் நடந்தன. அங்கே வென்றவருக்குக் கிடைத்த பரிசு, சில நாள்களில் வாடிவிடும் இலைகளால் ஆன முடி. அந்த நகரத்தாருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ஆம் அதிகாரத்தில், ஓட்டப் பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் சொல்லித்தான் பவுல் நம்பிக்கை வாழ்வை விளக்குகிறார். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்திலோ, உடற்பயிற்சியால் ஓரளவு பயன் உண்டு, இறைப்பற்றால் எல்லா வகையிலும் பயன் உண்டு என்ற கருத்தைச் சொல்கிறார். அங்கே உடற்பயிற்சி என்பதற்கு அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'கும்நாசியா'. இன்று நம் தெருமுனையில் பலகை மாட்டியிருக்கும் 'ஜிம்' அந்தச் சொல்லின் குடும்பத்தில் பிறந்ததுதான்.

அப்படிப்பட்ட ஒரு ஜிம்மில் நடந்த நிகழ்ச்சி இது. அனுபவித்த இளைஞரே நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடைக்கம்பியை மார்புவரை இறக்கி மேலே தள்ளும் 'பெஞ்ச் பிரஸ்' பயிற்சியில் 40 கிலோ வரை வந்திருந்தார். வெறும் கம்பியே 20 கிலோ. இரு பக்கமும் பத்துப் பத்து கிலோ தட்டுகள். அன்று பக்கத்துப் பெஞ்சில் அவர் வயதுப் பையன் ஒருவன் 70 கிலோவைச் சர்வ சாதாரணமாகத் தூக்கிக்கொண்டிருந்தான். நம்மவர் அதைப் பார்த்தார். எதிரே கண்ணாடியில் தன்னையும் பார்த்தார். மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தானும் 70 கிலோவை ஏற்றிக்கொண்டார்.

கம்பி இறங்கியது. மார்பின்மேல் வந்து அமர்ந்தது. அமர்ந்ததுதான், அதன்பின் எழுந்திருக்க அதற்கு மனமில்லை!

வாய் திறந்து கூப்பிட்டால் ஐந்து நொடியில் யாராவது வந்துவிடுவார்கள். ஆனால் கூப்பிட வெட்கம். எனவே அவர் என்ன செய்தார் தெரியுமா? கண்களை மூடிக்கொண்டு, ஏதோ ஆழ்நிலைத் தியானத்தில் இருப்பவர்போல அப்படியே படுத்திருந்தார். பார்த்தவர்கள், பாவம், இளைப்பாறுகிறார் என்று நினைத்துக் கடந்து போனார்கள். முகம் சிவந்தது. மூச்சு முட்டியது. அப்போது, மருத்துவர் சொன்னதற்காக நடைப்பயிற்சிக்கு வரும் அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் அருகில் வந்து, "தம்பி, தூக்கம் வந்தா வீட்ல போய்ப் படுக்கலாம்ல?" என்று கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. சத்தம்போட்டு இன்னும் ஒருவரைக் கூப்பிட, இருவரும் ஆளுக்கொரு பக்கம் கம்பியைப் பிடித்துத் தூக்கி வைத்தார்கள்.

எழுந்து உட்கார்ந்தவரின் முதுகைத் தட்டிவிட்டுப் பெரியவர் சொன்னாராம்: "பாரம் கூடிப்போச்சுன்னா சத்தம் போடணும் தம்பி. இங்க இருக்கிற எல்லாரும் ஒருநாள் மாட்டினவங்கதான்."

சிரிக்கத் தகுந்த நிகழ்ச்சிதான். ஆனால், கம்பி கழுத்தின்மேல் இறங்கியிருந்தால் சிரிக்க முடிந்திருக்காது. அதனால்தான், கனமான எடையைத் தூக்கும்போது தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. "மாஸ்டர், ஒரு சப்போர்ட்!" என்று கேட்பது ஜிம்மில் யாருக்கும் அவமானம் இல்லை. அனுபவசாலிகள்தாம் அதை அதிகமாகக் கேட்கிறார்கள்.

அன்பு நேயர்களே, நம் குடும்பங்களுக்கு வருவோம். மார்பின்மேல் பாரத்தை வைத்துக்கொண்டு, இளைப்பாறுவதுபோல் கண்மூடிப் படுத்திருப்பவர்கள் நம் நடுவே எத்தனை பேர்? கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கும்வரை மனைவிக்கே தெரியாத கடன். கணவரின் குடியை, "அவருக்கு உடம்பு சரியில்ல" என்ற ஒரே வாக்கியத்தால் பத்து ஆண்டுகளாக மூடி மறைக்கும் மனைவி. தேர்வில் தவறியதை வீட்டில் சொல்ல அஞ்சி, கல்லூரிக்குப் போவதுபோல் தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் பிள்ளை. இரவெல்லாம் தூக்கமின்றி, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணத்தோடு போராடிவிட்டு, காலையில் திருப்பலியில் நம் பக்கத்தில் நின்று சமாதானம் கூறுகிற ஒருவர். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறோம். "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கோம்" என்கிறார்கள். நாமும் நகர்ந்துவிடுகிறோம்.

இவர்களிடம், "உங்களுக்கு விசுவாசம் இருந்தால் தாங்கிக்கொள்வீர்கள்" என்று சொல்பவர்களும் உண்டு. விவிலியம் அப்படிச் சொல்லவில்லை. கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 2ஆம் வசனத்தில், ஒருவர் மற்றவருடைய சுமையைத் தாங்கிக்கொள்ளும்படி பவுல் கேட்கிறார். மூன்றே வசனம் தள்ளி 5ஆம் வசனத்தில், ஒவ்வொருவரும் அவரவர் சுமையைச் சுமக்க வேண்டும் என்கிறார். பவுலடியார் தடுமாறுகிறாரா? இல்லை. கிரேக்க மூலத்தில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். முதலில் வருவது 'பாரோஸ்'. நம் 'பாரம்' என்ற சொல்லைப் போலவே ஒலிக்கும் அது, ஆளை அழுத்தும் கனத்தைக் குறிக்கும். பின்னால் வருவது 'போர்த்தியோன்'. அது ஒருவர் தோளில் எடுத்துச் செல்லக்கூடிய மூட்டை. நம் அன்றாடக் கடமை, நம் பொறுப்பு, நம் மூட்டை. அதை இன்னொருவர் தலையில் கட்டக் கூடாது. ஆனால் நசுக்கும் பாரத்தைத் தனியாகச் சுமக்கும்படி கடவுள் யாரையும் கேட்கவில்லை. தம் சுமை எளிது என்று ஆண்டவர் மத்தேயு நற்செய்தியில் சொல்லும்போதும், இந்த இரண்டாம் சொல்லே வருகிறது.

விவிலியத்தின் பெரிய மனிதர்கள் உதவி பெறுவதற்கு வெட்கப்படவில்லை. அமலேக்கியரோடு போர் நடந்தபோது மோசே கைகளை உயர்த்தியிருந்தவரை இஸ்ரயேலர் வென்றனர். கைகள் தளர்ந்தபோது தோற்றனர். என்ன செய்தார்கள்? மோசேயை ஒரு கல்லின்மேல் உட்கார வைத்து, ஆரோன் ஒரு பக்கமும் கூர் மறு பக்கமும் கதிரவன் மறையும்வரை அவர் கைகளைத் தாங்கிக்கொண்டார்கள். விடுதலைப் பயணம் 17ஆம் அதிகாரத்தில் இதை வாசிக்கிறோம். தண்ணீரில் மூழ்கத் தொடங்கிய பேதுரு, மற்ற சீடர்கள் படகிலிருந்து பார்க்கிறார்களே என்று எண்ணிக் கௌரவமாக மூழ்கவில்லை. அலறினார். ஆண்டவர் உடனே கையை நீட்டினார். குறைவான நம்பிக்கைக்காக அவரைக் கடிந்துகொண்டதும், கையைப் பிடித்த பிறகுதான்.

இவர்கள் எல்லாரையும்விட, நம் ஆண்டவரைப் பாருங்கள். கெத்சமனித் தோட்டத்தில், தம்மோடு விழித்திருக்கும்படி மூன்று சீடரிடம் அவர் கேட்டார். கல்வாரிப் பாதையில் சிரேன் ஊரைச் சேர்ந்த சீமோன் அவரது சிலுவையைச் சுமந்தார். வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சீமோனைப் படைவீரர்கள் கட்டாயப்படுத்தினார்கள் என்பது உண்மைதான். ஆயினும் இறைமகன் தம் சிலுவையின்மேல் மற்றொரு மனிதரின் கை படுவதை மறுக்கவில்லை. சிலுவைப்பாதையின் 5ஆம் நிலையில் மண்டியிடும் ஒவ்வொரு முறையும் நாம் அறிக்கையிடுவது இதைத்தான். உதவி ஏற்பது நம்பிக்கைக் குறைவு என்றால், அந்த நிலை நம் ஆலயச் சுவரில் இருக்கவே கூடாது.

இதில் தலைமாட்டில் நிற்பவர்களுக்கும் பாடம் உண்டு. நல்ல மாஸ்டர் கம்பியை முழுவதுமாகப் பிடுங்கிக்கொள்ள மாட்டார். தூக்குபவரின் கை நடுங்கும் இடத்தில் கொஞ்சம் தாங்குவார். மீதியை அவரே தள்ள விடுவார். தள்ளவே முடியாதபோதுதான் முழுவதையும் ஏற்பார். தூக்கி வைத்த பிறகு, "இன்னிக்கு ஒருத்தன் மாட்டிக்கிட்டான்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரியவும் மாட்டார். அன்பியத்தில் ஒருவர் மனம் திறந்து சொன்னது மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பேச்சாகிவிட்டால், அடுத்த முறை அவர் மட்டுமல்ல, அதைக் கேட்ட எவரும் வாய் திறக்க மாட்டார். பாரத்தின் அடியில் கிடப்பவர் கூப்பிடாமல் இருப்பதற்கு அவரது கௌரவம் மட்டும் காரணமல்ல. நம் நாக்கும் ஒரு காரணம்.

ஆகவே, இந்த வாரம் இரண்டு சிறு பயிற்சிகளைச் செய்வோம்.

முதலாவது, நம்மை அழுத்தும் பாரம் எது என்று கடவுள் முன்னிலையில் பெயர் சொல்லி, நம்பிக்கைக்குரிய ஒரே ஒருவரிடமாவது அதைச் சொல்வோம். பாவச்சுமை என்றால் ஒப்புரவு அருளடையாளம் காத்திருக்கிறது. அங்கே சொல்வது வெளியே போவதில்லை. மனச்சுமை என்றால் மருத்துவரிடம் போவோம். மனநல மருத்துவரைப் பார்ப்பது, கால் முறிந்தால் எலும்பு மருத்துவரைப் பார்ப்பது போன்றதே. அது விசுவாசத்துக்கு எதிரானதல்ல. வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால், நாளைவரை காத்திருக்காமல் இன்றே ஒருவரை அழைப்போம்.

இரண்டாவது, "நல்லா இருக்கேன்" என்று சொல்பவரின் முகத்தை இன்னும் ஒரு நொடி கூடுதலாகப் பார்ப்போம். தேவைப்பட்டால் இரண்டாம் முறையும் கேட்போம்.

இறைவா, உதவி கேட்கும் தாழ்ச்சியை எங்களுக்குத் தாரும். கேட்டவரைப் பழிக்காத நாவையும், நடுங்கும் கைகளைத் தாங்கும் கைகளையும் தாரும். சிலுவையின் பாரத்தை அறிந்த உம் திருமகன் வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.