கயனைட் சொல்லும் ஆழம்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பாறைகளில் பல ஒருகாலத்தில் கடலடிச் சேறாக இருந்தவை. அங்கே வரைபடம் தயாரித்த புவியியலாளர் ஜார்ஜ் பாரோ, ஒரே திசையில் போகப்போகப் பாறையிலுள்ள கனிமங்கள் ஒழுங்காக மாறுவதைக் கண்டார். ஸ்டாரோலைட் இருந்த இடத்தைத் தாண்டினால் நீலக் கயனைட்; அதையும் தாண்டினால் நார்நாராகச் சில்லிமனைட். 1893இல் இதை வெளியிட்டார். மூலச்சேறு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது அது பட்ட சூடு. சூடு அடியிலிருந்த கிரானைட்டிலிருந்து வந்தது என்று பாரோ நினைத்தார். நிலத்தட்டுகள் மோதி மேலோடு தடித்ததே காரணம் என்பது இன்றைய விளக்கம். ஆனால் அவர் போட்ட வரிசை இன்றும் பாடப்புத்தகத்தில் நிற்கிறது.

கயனைட், சில்லிமனைட், ஆண்டலூசைட் மூன்றுக்கும் வேதிச் சேர்மானம் ஒன்றே: அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. ஒரு கன சென்டிமீட்டர் ஆண்டலூசைட் சுமார் 3.15 கிராம், கயனைட் சுமார் 3.6 கிராம். அழுத்தம் கூடினால் நெருக்கமான அடுக்கே நிலைக்கும். ஆகவே கயனைட் ஆழத்துக்குச் சாட்சி, சில்லிமனைட் கடும் வெப்பத்துக்கு, ஆண்டலூசைட் ஆழமில்லாத இடத்துக்கு. மூன்றும் சேர்ந்து நிலைக்கக்கூடிய புள்ளி ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸ், பதினான்கு கிலோமீட்டர் ஆழத்து அழுத்தம்.

மேலே வந்து ஆறும்போது இந்தப் பாறைகள் ஏன் பழையபடி சேறாகவில்லை? சூடேறும்போது களிக்கனிமங்களில் இருந்த நீர் வெளியேறிவிடுகிறது. நீர் இல்லாமல் எதிர்வினை நகராது; சூளையில் வெந்த பானை மறுபடி களிமண் ஆவதில்லை. இந்த மந்தம் ஆபத்தும்கூட. பழைய கனிமம் புதியதோடு ஒட்டிக்கொண்டே இருந்துவிடும். ஒரே கனிமத்தை நம்பி ஆழம் சொல்பவரை நான் நம்பமாட்டேன். கார்னெட், பயோட்டைட் என்ற இரு கனிமங்கள் அருகருகே இருந்தால், இரும்பையும் மெக்னீசியத்தையும் அவை பங்குபோட்ட விகிதத்தை அளந்து வெப்பநிலையைத் தனியே கணக்கிடலாம்.

ஆழத்தைப் பற்றிய பெரிய அதிர்ச்சி 1984இல் வந்தது. மேற்கு ஆல்ப்ஸின் டோரா மைராவில், கார்னெட்டுக்குள் சிறைப்பட்ட கோயசைட்டைக் கிறிஸ்டியன் ஷோப்பான் கண்டார். இது குவார்ட்ஸின் நெருக்கமான வடிவம். உருவாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஆழத்து அழுத்தம் வேண்டும். கோயசைட் குவார்ட்ஸாகும்போது பருக்கும். அதனால் சுற்றியிருந்த கார்னெட்டில் கதிர்கதிராக வெடிப்பு. எடை குறைந்த கண்டப் பாறை அவ்வளவு ஆழம் போகாது என்ற நம்பிக்கை அத்தோடு போயிற்று. பின்னர் லடாக்கின் த்ஸோ மோரிரிப் பாறைகளிலும் கோயசைட் கிடைத்தது. இந்தியக் கண்டத்தின் விளிம்பும் அந்த ஆழம்வரை போய்த் திரும்பியிருக்கிறது.