விராலுக்குப் பொய் இரை

இடம்பெயர்ந்து வந்த ஊரில் எம்மிடம் வலை இல்லாவிட்டாலும், தூண்டிலும் விரல் நீளமான மென் பிளாஸ்ரிக் மீனும் இருந்தால் குளத்து விராலைப் பிடிக்கலாம். விரால் வேட்டை மீன். அசையும் இரையைத் தாக்கும். பொய்மீனின் அகன்ற வால் நீரில் ஆடும்போது உயிர்மீன் நீந்துவது போன்ற அதிர்வு உண்டாகிறது. ஆகவே தாமரை ஓரமாக எறிந்து, வால் ஆடுமளவுக்கு மெதுவாக இழுப்போம். தூண்டில் முள்ளின் நுனியைப் பொய்மீனின் முதுகினுள் மறைத்துக் கொளுவினால் செடியில் சிக்காது.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேல்நீரில் தெரிந்தால் அங்கே தூண்டில் போடவேண்டாம். அடியில் பெற்ற மீன்கள் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். கிழிந்த பிளாஸ்ரிக் உக்காது. அதையும் கரைக்குக் கொண்டுவருவோம். எம்மை ஏற்ற ஊரவர்களுக்கும் இக்குளமே சோறு போடுகிறது.