கவுன் செய்தது தையல்காரர் அல்ல, தச்சர்! முதல் பரிசைத் தட்டிச் சென்ற மர ஆடை

கவுனைப் பட்டில் தைப்பார்கள். பருத்தியில் தைப்பார்கள். மரத்தில் தைப்பார்களா?

செய்து காட்டினார் ஒருவர். தைத்தார் என்று சொல்ல முடியாது. அறுத்தார், இழைத்தார், பொருத்தினார். அதை உலகப் போட்டிக்கு அனுப்பி வைத்தார். மொத்தப் போட்டிக்கும் முதல் பரிசு அதற்குத்தான்!

இது 2009-ம் ஆண்டு நடந்தது. இடம், நியூசிலாந்து நாட்டின் தலைநகர் வெலிங்டன். பரிசு பெற்றவர் டேவிட் வாக்கர். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் உள்ள ஜூனோ நகரைச் சேர்ந்தவர். அவருக்கு என்ன தொழில் தெரியுமா? தச்சு வேலை!

மர நங்கை

அந்த ஆடையின் பெயர் "லேடி ஆப் தி வுட்". நம் பேச்சில் சொன்னால், மர நங்கை.

பழைய காலத்து ஐரோப்பிய அரண்மனைச் சீமாட்டிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இடுப்பு சிறுத்து, பாவாடை குடை போல விரிந்து நிற்கும். அதே தோற்றம்தான். ஆனால் துணிக்குப் பதில் மரம். மஹோகனி, லேஸ்வுட், மேப்பிள், சீடர் என்று பல வகை மரங்கள் அதில் இருக்கின்றன.

'மரச் சிற்பம் என்றால் நம்ம ஊர்த் தேரில் இல்லாததா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் போட்டியில் சிற்பம் செய்து நிறுத்தினால் மட்டும் போதாது. அதை ஒரு ஆள் உடுத்திக்கொள்ள வேண்டும். உடுத்திக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் முன்னால் மேடையில் நடக்க வேண்டும்!

அங்கேதான் தச்சருக்குச் சோதனை. துணி வளையும், மடியும், உடம்போடு ஒட்டி வரும். மரம் வருமா? கொஞ்சம் கனமாகச் செய்தால் போட்டவருக்கு இடுப்பு ஒடிந்துபோகும். மெலிதாகச் செய்தால் விரிசல் விடும். மூச்சு விட இடம் வேண்டும், கால் எட்டி வைக்க வழி வேண்டும். நாற்காலி செய்யும்போது ஆள் வந்து அதில் உட்காருவார். இங்கேயோ ஆளே அதற்குள் போய் நிற்க வேண்டும்!

வேலை அதோடும் முடியவில்லை. ஜூனோ நகருக்கு வெளியூரிலிருந்து தரை வழிச் சாலையே கிடையாது. வருவதும் போவதும் கப்பலில், இல்லாவிட்டால் விமானத்தில். அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து பூமிப்பந்தின் தென்கோடிக்குப் போய்ச் சேர்ந்தது இந்த மர கவுன்!

கூடாரத்தில் பிறந்தது

இந்தப் போட்டியின் கதையும் சுவையானதுதான்.

1987-ம் ஆண்டு. நியூசிலாந்தின் நெல்சன் நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமப்புறக் கலைக்கூடம். அதற்குக் கூட்டம் சேர்க்க வேண்டும். என்ன செய்யலாம் என்று யோசித்தார் சூசி மான்கிரீப் என்ற பெண் சிற்பி. 'சுவரில் மாட்டி வைத்தால்தானே ஜனங்கள் வருவதில்லை? கலையை மனுஷர் உடம்பில் மாட்டி மேடையில் நடக்க விடுவோம்' என்று துணிந்தார்.

கூடாரம் போட்டார்கள். அன்று பார்த்து மழை! ஆனாலும் சுமார் 200 பேர் வந்து பார்த்தார்கள். "உடுத்தும் கலை" போட்டி பிறந்தது அன்றைக்குத்தான்.

நிகழ்ச்சி வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. 2005-ம் ஆண்டு வெலிங்டனுக்கு மாறியது. 'நாங்க வளர்த்த பிள்ளையைத் தலைநகரம் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சே' என்று நெல்சன் மக்களுக்கு மனத்தாங்கல். ஆனால் புது இடத்தில் கூட்டம் பெருகியது. ஒரு பருவத்தில் பல நாட்கள் காட்சி நடக்கிறது. சுமார் 60 ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். கொரோனா காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டும் காட்சி நடக்கவில்லை.

எந்தப் பொருளும் சரி!

துணிதான் வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. உலோகம், தாள், பிளாஸ்டிக், தோல், கழித்துப் போட்ட சாமான் எதுவும் சரி. பல பிரிவுகளில் பரிசு உண்டு. விசித்திரமான மார்க்கச்சைகளுக்கென்றே ஒரு பிரிவு வைத்துப் பார்வையாளர்களைச் சிரிக்க வைத்தார்கள்! எல்லாப் பிரிவுகளுக்கும் மேலே ஒட்டுமொத்த முதல் பரிசு ஒன்று. அதைத்தான் தச்சர் வாங்கினார்.

நடுவர்கள் ஆடையைப் பக்கத்தில் வைத்து வேலைப்பாட்டை நுணுக்கமாகப் பார்ப்பார்கள். பிறகு மேடையில் அது நடக்கும் அழகைப் பார்ப்பார்கள். தூரத்தில் பளபளத்து, கிட்டே போனால் பல் இளிக்கிற சரக்கு அங்கே தேறாது.

அடுத்த ஆண்டு இந்தியா!

மறு ஆண்டே, 2010-ல், அதே முதல் பரிசு இந்தியாவுக்கு வந்தது. யோகேஷ் சவுத்ரி, மானஸ் பர்வே என்ற இருவர் சேர்ந்து செய்த "லூப்ஸ்" என்ற ஆடை அதைத் தட்டிக்கொண்டு வந்தது.

2011-ல் வென்றவர் லண்டனைச் சேர்ந்த மேரி விங் டோ. இவர் குதிரைச் சேணம் செய்யும் தொழில் கற்றவர். தோலைக் கொண்டு, பாதி பெண்ணும் பாதி குதிரையுமான கிரேக்கப் புராண உருவத்தையே ஆடையாக்கி விட்டார்! இந்தோனேசியாவின் ரினால்டி யுனார்டி 2017, 2019 என்று இரண்டு முறை முதல் பரிசை அள்ளினார்.

தச்சர் ஒருவர், சேணத் தொழில் கற்றவர் ஒருவர். பெரிய பேஷன் கம்பெனி நடத்தினால்தான் அங்கே மதிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. பட்டறையில் மரத்தூளும் தோலும் புரளும் கைகளுக்கு உலக மேடையில் மாலை விழுந்திருக்கிறது.

நம் தெருவிலும் தச்சர் இருக்கிறார். கதவு இழைத்துத் தருகிறார், கட்டில் செய்து தருகிறார். கூலி பேசும்போது 'பத்து ரூபாய் குறைச்சுக்கோ' என்கிறோம். அந்தக் கைக்குள் என்னென்ன வித்தை இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருப்போமா?

மர நங்கை அதற்குப் பிறகும் ஓய்வாக இருக்கவில்லை. 2017-ம் ஆண்டு அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில், பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சியிலும் இடம் பிடித்தாள். நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம்!