டிராக்டர் லோடருக்கு எண்ணெய்க் குழாய்கள்: தேர்வும் பொருத்தலும்

எரு அள்ளவும், ஏரி வண்டலை டிரெய்லரில் ஏற்றவும், மேடு பள்ளத்தைச் சமன் செய்யவும் ஆட்கள் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில், டிராக்டரின் முன்புறத்தில் லோடர் ஒன்றைப் பொருத்திக்கொள்ள விரும்பும் விவசாயிகள் பலராவர். வாடகைக்கு யந்திரம் விடும் கூட்டுறவுச் சங்கங்களும் இவ்விருப்பத்தைக் கவனித்தே தீரவேண்டும். லோடர் வாங்கச் செல்வோர் பக்கெட்டின் அகலத்தைப் பார்க்கின்றனர். தகட்டின் கனத்தைத் தட்டிப் பார்க்கின்றனர். விலையைப் பேசி முடிக்கின்றனர். எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய்களை மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. லோடரின் வலிமை முழுவதும் அக்குழாய்களின் வழியே செல்வது என்பதையும், ஓட்டுநரின் கையும் காலும் அவற்றை நம்பியே இருக்கின்றன என்பதையும் எடுத்துக் கூறவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

அடைத்து வைத்த திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். அவ்விதியைத் தொழிலுக்குப் பயன்படுத்தி 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் நீரழுத்த யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நமது லோடரும் அவ்வழி வந்ததே. 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டர் ஒன்றில் 180 பார் அழுத்தத்தில் எண்ணெய் புகுமாயின், அதன் தண்டு ஏறத்தாழ 3,600 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தள்ளும். அதே 180 பார் அழுத்தம், அவ்வெண்ணெயைக் கொண்டு செல்லும் குழாயின் சுவரையும் ஒவ்வொரு கணமும் பிளக்க முயல்கின்றது என்பதை மறத்தலாகாது.

குழாயைத் தேர்ந்தெடுக்குங்கால் முதலில் நோக்க வேண்டுவது உள்விட்டம். பம்ப் நிமிடத்துக்கு 40 லிட்டர் எண்ணெய் தருவதாகக் கொள்வோம். அரை அங்குலக் குழாயில் அது விநாடிக்குச் சுமார் 5.3 மீட்டர் வேகத்தில் ஓடும். அழுத்தக் குழாயில் விநாடிக்கு 6 மீட்டர் வரை செல்லலாம் என்பது பொதுவான கணக்காதலின் இது பொருத்தமே. விலை குறைவென்று முக்கால் பங்கு அகலமுள்ள, அதாவது 3/8 அங்குலக் குழாயை மாட்டினால் வேகம் 9 மீட்டருக்கு மேல் போய்விடும். எண்ணெய் சூடேறும், லோடர் மெதுவாக எழும், டீசல் வீணாகும். எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் குழாயில் விநாடிக்கு 3 மீட்டருக்கு மேற்படாமல் இருத்தல் நலம். ஆகையால் இதே கணக்கின்படி அதற்கு முக்கால் அங்குலக் குழாய் வேண்டும்.

இரண்டாவதாக நோக்க வேண்டுவது பலம். இவ்விதழைப் படிக்கும் நெசவாளர்கள் இப்பகுதியை எளிதில் உணர்ந்துகொள்வர். குழாயின் பலம் ரப்பரில் இல்லை. இரண்டு ரப்பர் படலங்களுக்கு இடையே எஃகுக் கம்பியால் பின்னப்பட்டிருக்கும் சடையில் இருக்கின்றது. நூலுக்குப் பதில் கம்பி, தறிக்குப் பதில் பின்னல் யந்திரம். மற்றபடி தத்துவம் ஒன்றே. கம்பி குழாயின் நீளப் போக்குக்குச் சுமார் 54.7 டிகிரி சாய்வில் அமைந்தால், அழுத்தம் ஏறும்பொழுது குழாய் நீளவும் செய்யாது, குறுகவும் செய்யாது. சாய்வு அதனிற் குறைந்தால் குழாய் குறுகிப் பருக்கும், மிகுந்தால் நீளும். பின்னல் தவறினால் துணி கெடுவது போலவே பின்னல் தவறினால் குழாயும் கெடும்.

ஐரோப்பிய நியமமாகிய இ.என். 853-இன்படி ஒற்றைப் பின்னல் குழாயை 1 எஸ்.என். என்றும், இரட்டைப் பின்னல் குழாயை 2 எஸ்.என். என்றும் குறிப்பர். அரை அங்குல அளவில் ஒற்றைப் பின்னல் 160 பார் வரையும், இரட்டைப் பின்னல் 275 பார் வரையும் வேலை அழுத்தம் தாங்கும். டிராக்டரின் காப்பு வால்வு 180 பாரில் திறப்பதாயின் ஒற்றைப் பின்னல் உதவாது என்பது வெளிப்படை. குழாய் வெடிக்கும் அழுத்தம் இதனினும் நான்கு மடங்கு என்பது உண்மையே. ஆயினும் அந்த நான்கு மடங்கு, அதிர்ச்சிக்கும் முதுமைக்கும் ஒதுக்கிய சேமிப்பு. நாம் செலவழிப்பதற்கு உரியதன்று. நிறைந்த பக்கெட்டுடன் வரப்பின்மேல் ஏறி இறங்கும்பொழுது, மூடிய வால்வுக்கு அப்பால் சிலிண்டரில் அடைபட்ட எண்ணெயின் அழுத்தம் திடீரென மிகுதியாக எழும். பம்ப் பக்கமுள்ள காப்பு வால்வு அதனைத் தணிக்க இயலாது.

மூன்றாவது, முனைகளின் மரை. பி.எஸ்.பி. எனப்படும் பிரிட்டிஷ் மரையும், என்.பி.டி. எனப்படும் அமெரிக்க மரையும் அரை அங்குல அளவில் அங்குலத்துக்கு 14 புரிகளே உடையன. அதனால் ஒன்று மற்றொன்றில் சில சுற்று ஏறிவிடும். ஆனால் பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 டிகிரி, அமெரிக்க மரையின் கோணம் 60 டிகிரி. எனவே அவ்விணைப்பு ஒருநாளும் கசிவின்றி நில்லாது. கசிகின்றதே என்று மேலும் முறுக்கினால் வால்வின் வார்ப்பு பிளக்கும். பழைய முனையைக் கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவதே சிலாக்கியம். கூம்பு முனை கொண்ட இணைப்புகளில் டெஃப்லான் நாடா சுற்றுவதும் கூடாது; அதன் பிசிறுகள் வால்வினுள் சென்று சிக்கிக்கொள்ளும். முனைகளைக் கிரிம்பிங் யந்திரத்தில் அழுத்தியே பொருத்துதல் வேண்டும். கிளிப் போட்டு இறுக்கிய குழாய் அழுத்தப் பக்கத்துக்கு ஆகாது.

இனிப் பொருத்தும் முறையைக் கூறுவோம். அசையாத கையின் நீளம் முழுவதும் எஃகுக் குழாய் செல்லட்டும். மூட்டுகளில் மட்டும் ரப்பர் குழாய் அமையட்டும். அழுத்தத்தில் ஒரு மீட்டர் குழாய் 4 சென்டிமீட்டர் வரை குறுகவும், 2 சென்டிமீட்டர் வரை நீளவும் கூடுமாகையால் சிறிது தளர்வு விடுதல் அவசியம். அரை அங்குல இரட்டைப் பின்னல் குழாயை 180 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உட்பட்டு வளைத்தல் கூடாது. குழாயின்மீது அச்சிட்ட எழுத்து வரி முனைக்கு முனை நேராக ஓடவேண்டும். அது சுற்றிக்கொண்டு சென்றால் குழாய் முறுக்குண்டது என்று அறியலாம். முறுக்காமல் இருக்க இரண்டு ஸ்பேனர் கொண்டு, ஒன்றால் குழாயின் முனையைப் பிடித்து, மற்றொன்றால் நட்டை இறுக்குக. முடிவாக இறுக்குமுன் லோடரைத் தரையிலிருந்து உச்சி வரை மெதுவாக உயர்த்தியும், முன் சக்கரங்களை இருபுறமும் முழுதும் திருப்பியும், குழாய் எங்கும் இழுபடுகின்றதா, டயரிலோ புகைக்குழாயிலோ கூரிய தகட்டிலோ உரசுகின்றதா என்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

வால்வை டிராக்டரின் எண்ணெய் வழியோடு சேர்ப்பதில் மிகுந்த கவனம் தேவை. பம்பிலிருந்து வரும் எண்ணெய் லோடர் வால்வைக் கடந்து பின்புறத் தூக்கிக்குச் செல்ல வேண்டுமாயின், அதற்கென அமைந்த மேல்வழித் துவாரமுடைய வால்வையே வாங்குக. அஃதின்றி, திரும்பு துவாரத்திலிருந்தே பின்தூக்கிக்கு எண்ணெய் கொடுத்தால், கலப்பையைத் தூக்கும்பொழுது எழும் முழு அழுத்தமும் அழுத்தம் தாங்காத அறையில் ஏறி வார்ப்பைப் பிளந்துவிடலாம். தொட்டிக்குத் திரும்பும் குழாயில் அடைப்புக் குழாயோ, கழற்றி மாட்டும் இணைப்போ வைத்தல் கூடாது.

எல்லாம் பூட்டியபின், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரையும் பாரமின்றிப் பலமுறை நீட்டி மடக்கிக் காற்றை வெளியேற்றுக. சிலிண்டர்கள் எண்ணெயை உண்டுவிடுமாதலால், பக்கெட்டைத் தரையில் இறக்கி அளவு பார்த்து, கையேட்டில் சொன்ன எண்ணெயையே நிரப்புக.

இனிக் கூறுவதை ஓட்டுநர் ஒவ்வொருவரும் நெஞ்சிற் பதித்தல் வேண்டும். குழாயில் ஊசித் துளை விழுந்தால் அதன்வழிப் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் குறைவாகவே இருக்கலாம். ஆனால் உள்ளே சதை கெடத் தொடங்கும். சில மணி நேரத் தாமதம் விரலையோ கையையோ பறித்துவிடக்கூடும். ஆகவே கசிவைக் கையால் தடவிப் பார்த்தல் ஒருபோதும் கூடாது. அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கலாம். கண்ணாடி அணிதல் நன்று. எண்ணெய் பாய்ந்துவிட்டால் நாட்டு மருந்து தேடாமல், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லவேண்டும். இன்ன எண்ணெய் என்பதையும் மருத்துவரிடம் கூறவேண்டும். எந்த நட்டையும் தளர்த்துமுன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை இருபுறமும் அசைத்து அழுத்தத்தை விடுவித்தல் வேண்டும். தூக்கி நிற்கும் லோடரின் கீழ் நிற்றல் எக்காலத்தும் ஆகாது.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ‘ஹைட்ராலிக் குழாய் நான்கு’ என்று மட்டும் எழுதி விலைப்புள்ளி கேட்டால், குறைந்த விலையில் குறைந்த சரக்கே வந்து சேரும். சட்டப்படி அதனை மறுக்கவும் வழியிராது. உள்விட்டம், நீளம், பின்னல், வேலை அழுத்தம், முனையின் மரை, தயாரித்த காலாண்டு ஆகிய யாவற்றையும் விலைப்புள்ளிப் படிவத்திலேயே குறிப்பிடுக. அவை குழாயின்மீது அச்சிடப்பட்டிருத்தலும் வேண்டும். முனை பொருத்திய குழாயின் ஆயுள், இருப்பில் கிடந்த காலத்தையும் சேர்த்து ஆறு ஆண்டுகளே என்று ஜெர்மானிய நியமம் ஒன்று வரையறுக்கின்றது. பொருத்திய தேதியை ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தால் இக்கணக்குப் பிழையாது. மேல் ரப்பர் வெடித்துக் கம்பி தெரியுமாயின் ஆயுளை எண்ணாது உடனே மாற்றுக.

தனி விவசாயியின் டிராக்டரை ஓட்டுபவன் அதன் உடையவனே; அதன் குறைகளை அவன் அறிவான். சங்கத்தின் யந்திரத்திலோ இன்று ஒருவர் அமர்கின்றார், நாளை மற்றொருவர் அமர்கின்றார். முன்னவர் கண்ட கசிவைப் பின்னவர் அறியார். ஆதலின் பொதுப் பொருளுக்கே கூடுதல் காவல் தேவை. நல்ல குழாய்க்குக் கூடக் கொடுக்கும் பணம் அங்கத்தினர் எல்லோராலும் பகிர்ந்து கொள்ளப்படுவது. கெட்ட குழாயால் வரும் துன்பமோ, அன்று அந்த ஆசனத்தில் அமர்ந்த ஒருவரையே சாரும்.